துக்க வீட்டில் ஒரு திறப்பு விழா

செமினியிலிருந்து மலைப்பக்கம் போகும் சாலை, புது வீடமைப்புப் பகுதிகள் எல்லாம் முடிந்த பிறகு இரண்டாகப் பிரியும். இடது கைப்பக்கம் திரும்பினால் உலு செராய் கம்பம். தெமுவான் பூர்வகுடிகளின் ஊர். நாற்பது வீடுகூட இருக்காது. அந்த ஊரில் ஒரே ஒரு தமிழச்சி இருந்தாள். பெயர் அமுதவள்ளி. ஊரார் வாய்க்குள் முழுப் பெயர் நுழையாமல் 'மா அமு' என்று ஆகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அவள் பிறந்தது பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அந்தத் தோட்டம் இன்று இரட்டை மாடி வீடுகளும் ஒரு பெட்ரோல் நிலையமுமாக மாறிக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் சம்பள நாளன்று பெத்தாய்க் கொட்டையும் காட்டுத் தேனும் கூடையில் வைத்துக்கொண்டு பழைய மோட்டார் சைக்கிளில் தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துப் பக்கம் வருவான் செனின். தோட்டத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்தவன். தமிழ் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று அமுதவள்ளி நின்றபோது அவள் அப்பா ரப்பர் பால்வாளியைத் தூக்கி எறிந்தார். பூர்வகுடி மக்களுக்குத் தோட்டத்தில் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள், இப்போது யாரும் வெளியில் சொல்லக் கூசும் பெயர். அதைச் சொல்லித் திட்டினார்.

"போறவ போ. சோத்துக்கு இல்லனு திரும்பி மட்டும் வந்துராத" என்றார்.

சோற்றுக்கு இல்லாமல் போகவில்லை. செனினுக்குக் கொஞ்சம் பால்மரமும் மலைச்சரிவில் டுரியான் மரங்களும் இருந்தன. ஒரு பெண் பிறந்தாள். தாமரை என்று பெயர் வைத்தார்கள். அப்பாவின் முகமும் சுருண்ட முடியும் அப்படியே அவளுக்கு வந்திருந்தன. பேத்தியைப் பார்க்க ஒருநாள் அப்பா வந்து வாசலில் நின்றார். கோழி அடித்துச் சாப்பாடு போட்டு அனுப்பினாள். அவ்வளவுதான், சண்டை முடிந்தது. தாமரை படித்து, கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலைக்குப் போய், அங்கேயே குடித்தனமும் ஆகிவிட்டாள். அமுதவள்ளியும் செனினும் அலுத்துச் சலித்து, ஆனால் சண்டையில்லாமல், வயதாகிக்கொண்டிருந்தார்கள்.

சாலை வேண்டும் என்று அந்த ஊர் கேட்காத ஆளில்லை. பள்ளிக்கூட வேன் பிரிவுச் சாலையோடு நின்றுவிடும். அங்கிருந்து பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் நடந்து வருவார்கள். பிரசவ வலி கண்ட பெண்களை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் கட்சிக்காரர்கள் வந்து, பார்த்து, தலையாட்டிவிட்டுப் போவார்கள். பாத்தின் என்று ஊரார் அழைக்கும் ஊர்த்தலைவர் கச்சோங், மனு எழுதி எழுதிக் கை சளைத்தவர்.

பிறகு ஒரு வருஷம், யாரும் கேட்காமலேயே அளவெடுக்கும் ஆட்கள் வந்தார்கள். மலைக்கு மேலே ஓர் அருவி உண்டு. அதைக் காட்டி, பூர்வகுடி மக்களின் வாழ்க்கையையும் காட்டி, அரசாங்கம் இந்தக் கம்பத்தைச் சுற்றுலா ஊராக ஆக்கப்போகிறது என்றார்கள். தங்குவதற்கு ஆறு மரக்குடில்கள், ஒரு பெரிய மண்டபம், அருவி வரைக்கும் மரப்பலகைப் பாதை. அதற்கு லோரி வர வேண்டும், பேருந்து வர வேண்டும். ஆகவே தார்ச்சாலை வந்தது. மூன்றே மாதத்தில் போட்டு முடித்தார்கள்.

புதுத் தாரின் வாசனை அடங்காத அந்தச் சாலையில் அமுதவள்ளியும் செனினும் ஒரு சாயங்காலம் நடந்துபோனார்கள்.

"நம்ம பிள்ளைங்களுக்கு வராத ரோடு, ஊர் பாக்க வரவங்களுக்கு வந்துருச்சு" என்றாள் அவள்.

"யாருக்கு வந்தா என்னா லா. நாம நடந்தா வேணாம்னா சொல்லப் போறாங்க?" என்றான் செனின்.

திட்ட அலுவலகத்திலிருந்து அடிக்கடி வந்துபோனவள் ஷாமினி. கிள்ளானில் பிறந்த தமிழ்ப் பெண், முப்பது வயதிருக்கும், ஒப்பந்த வேலை. முதல் நாள் ஊர்க்கூட்டத்தில், ஊராரின் தெமுவான் பேச்சு பிடிபடாமல் மலாயில் தட்டுத்தடுமாறி விளக்கிக்கொண்டிருந்தவள், கூட்டத்தின் ஓரத்தில் சேலை கட்டிய ஒருத்தி நிற்பதைப் பார்த்து அசந்துபோனாள். அன்றைக்குக் காஜாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அப்படியே கூட்டத்துக்கு வந்திருந்தாள் அமுதவள்ளி.

"ஆன்டி, நீங்க தமிழா? இங்கயா இருக்கீங்க?"

அன்றோடு அமுதவள்ளிக்குப் புது வேலை வந்து சேர்ந்தது. அலுவலகம் சொல்வதை ஊருக்கும், ஊர் சொல்வதை அலுவலகத்துக்கும் எடுத்துச் சொல்வது. இரண்டு பக்கமும் சொன்னதைச் சொன்னபடி சொன்னால் சண்டை வரும். கொஞ்சம் குறைத்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சொல்ல வேண்டும். பத்துப் பேருக்குச் சமைப்பதைவிட அது அலுப்பான வேலை.

சமையலும் அவள் தலையில்தான் விழுந்தது. மூங்கிலில் வேகவைத்த கோழி, மரவள்ளிக்கிழங்கு, டுரியானைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்போயாக் குழம்பு, எல்லாம் மாமியார் கையால் கற்றது. ஊரில் மற்றப் பெண்கள் சமைக்க மாட்டார்கள் என்றில்லை. வெளியாட்களுக்கு முன்னால் போய் நிற்கக் கூச்சப்பட்டார்கள்.

விளம்பரத்துக்குப் படம் எடுக்கும் நாள் வந்தது. ஊரார் எல்லாரையும் மண்டபத்து வாசலில் நிறுத்தினார்கள். கேமராக்காரர் ஷாமினியைக் கூப்பிட்டுக் காதோடு ஏதோ சொன்னார். ஷாமினி அமுதவள்ளியிடம் வந்து நின்றாள். 

"ஆன்டி, தப்பா எடுத்துக்காதீங்க. புரோஷர்ல இது பூர்வகுடி கிராமம்னு போடறோம். பாக்கறவங்க குழம்பிப் போயிடுவாங்கனு..."

"சரிமா. நான் குடைய புடிச்சுக்கறேன். வெயில் அவர் மூஞ்சில அடிக்குது" என்று அமுதவள்ளி நகர்ந்து கேமராக்காரர் பக்கம் போய்விட்டாள். அன்று ஊருக்கு வந்திருந்த தாமரையின் முகம் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. தலைக்கு ஓர் இலைக் கிரீடம் கொடுத்து முன்வரிசைக்கு வரச் சொன்னார்கள். தாமரை அதை வாங்கிப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

"நீ ஏன்டி அவங்கள மொறைச்சுக்கற" என்று அன்று மாலை அமுதவள்ளி கேட்டாள்.

"நீ ஏன்மா ஒண்ணுமே சொல்லல?"

அமுதவள்ளிக்குக் கோபம் வரவில்லை என்பதல்ல. அதைத் தூக்கிச் சுமக்க உடம்பில் தெம்பு வேண்டுமே.

செனினை வழிகாட்டியாகப் போட்டார்கள். காட்டைக் காட்ட வேண்டும், மூலிகை சொல்ல வேண்டும், ஊதுகுழலில் அம்பு வைத்து ஊதிக் காட்ட வேண்டும். சிறு வயதுக்குப் பிறகு அவன் ஊதுகுழலைத் தொட்டதில்லை. வேறொரு கம்பத்திலிருந்து ஒன்றை வாங்கிவந்து, வீட்டுக்குப் பின்னால் காலி பிஸ்கட் டின்னை நிறுத்திப் பழகினான். முதல் வாரம் டின்னைத் தவிர எல்லாவற்றிலும் அம்பு தைத்தது. அமுதவள்ளி துணி காயப்போடக்கூடப் பயந்தாள். ஒத்திகைக்கு வந்த பயணிகள் குழுக்களுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. ஆனால் மாலையில் வீட்டுக்கு வந்ததும் தரையில் அப்படியே மல்லாந்துவிடுவான்.

"இன்னைக்கும் அதே கேள்விதான். வீட்ல டிவி இருக்கா, பாம்பு திம்பீங்களா. டிவி இருக்குனு சொன்னா மூஞ்சி வாடிப்போகுது அவங்களுக்கு."

"இல்லனு சொல்லித் தொலைய வேண்டியதுதானே."

"பொய் சொல்றதுக்கும் சேர்த்து சம்பளம் குடுக்கலயே."

திறப்பு விழாவுக்கு ஒரு சனிக்கிழமையைக் குறித்தார்கள். ஒய்.பி. என்று எல்லாரும் சொல்லும் சட்டமன்ற உறுப்பினர் வருவதாக இருந்தது. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை இரவு மழை கொட்டி, அருவிப் பாதையில் ஒரு மரம் விழுந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் அதை அறுக்கப் போன செனின் வெகுநேரமாகியும் திரும்பவில்லை. தேடிப் போனவர்கள், பலகைப் பாதையில் மார்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவனைத் தூக்கிவந்தார்கள். ஆம்புலன்ஸ் வீட்டு வாசல் வரைக்கும் வந்தது. அந்த ஊரின் சரித்திரத்தில் ஆம்புலன்ஸ் ஒரு வீட்டு வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. காஜாங் மருத்துவமனைக்குப் போய்ச் சேருமுன் அவன் உயிர் போய்விட்டது. வண்டியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அமுதவள்ளிக்கு, சாலை குலுக்காமல் போகிறது என்பது மட்டும் மனதில் பட்டுக்கொண்டே இருந்தது. ஏன் அது மட்டும் பட்டது என்று பிற்பாடு பல நாள் யோசித்திருக்கிறாள்.

மறுநாள் அவனை மலைச்சரிவில் புதைத்தார்கள்.

அந்தக் கம்பத்தில் சாவு விழுந்தால் ஒரு வாரம் கொட்டு கூடாது, பாட்டு கூடாது, மரம் வெட்டக் கூடாது. இறந்தவனின் உயிர் அந்த வாரம் முழுக்க வீட்டைச் சுற்றியே இருக்கும், சத்தம் கேட்டால் வழி தப்பிப்போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. அமுதவள்ளிக்கு அந்த நம்பிக்கை முழுசாக உண்டா என்றால் சொல்ல முடியாது. அவள் வீட்டு மூலையில் முருகன் படமும் இருந்தது. ஆனால் முப்பது வருஷமாக மற்றவர் வீட்டுச் சாவுக்கெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். தன் வீட்டுச் சாவுக்கு மற்றவர்கள் அப்படி இருக்கட்டும் என்று எதிர்பார்த்தாள்.

புதன்கிழமை ஷாமினி வந்தாள். கருப்பு பாஜு உடையும் கையில் பழக்கூடையுமாக வந்தவள், தரையில் உட்கார்ந்து அழுதாள். பொய் அழுகை இல்லை. கண்ணைத் துடைத்த பிறகும் எழுந்திருக்காமல் பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். பாத்தின் கச்சோங்கும் ஊர்ப் பெரியவர்கள் சிலரும் எதிரில் இருந்தார்கள்.

"சொல்லுமா. எதுக்கு வந்த?" என்று அமுதவள்ளியே கேட்டாள்.

"சனிக்கிழமைய மாத்த முடியுமானு மேல கேட்டேன் ஆன்டி. மாத்தினா அடுத்த வருஷம்தான்னு சொல்லிட்டாங்க. இந்த வருஷத்துக்குள்ள திறக்கலனா ரெண்டாவது கட்டம் வேற இடத்துக்குப் போயிடும். உங்க தண்ணித் தொட்டி, பைப் எல்லாம் ரெண்டாவது கட்டத்துலதான் இருக்கு."

ஊரார் குடிப்பது ஓடைத் தண்ணீர். மழை பெய்தால் டீ நிறத்தில் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். அது எல்லாருக்கும் தெரியும்.

"விழாவுல உங்க செவாங் ஆட்டம் ஒரு அரை மணி நேரம். அது முடியாட்டி பத்து நிமிஷமாச்சும்..." ஷாமினியின் குரல் இறங்கிக்கொண்டே போனது.

அமுதவள்ளி அதைப் பாத்தினுக்குச் சொன்னாள். இந்த முறை குறைக்கவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. சொன்னதைச் சொன்னபடி சொன்னாள். பாத்தின் பெரியவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "துக்கம் உன்னுடையது, அமு. நீ சொல்வதுதான்" என்றார்.

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவளுக்குச் செனின் மேல்கூடக் கோபம் வந்தது. இந்த நேரம் பார்த்துப் போய்ச் சேர்ந்தானே என்று. புருஷனைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவள் முன்னால் ஊரின் குடிதண்ணீரைக் கொண்டுவந்து வைத்தால் அவள் என்ன செய்வாள்? வேண்டாம் என்றால், நாளை ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது யார் முகத்தில் விழிப்பது? சரி என்றால், மண் காயாத குழியில் கிடப்பவனுக்கு என்ன சொல்வது? எங்கேயாவது போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

"திறந்துக்குங்க" என்றாள் கடைசியில். "வரட்டும், ரிப்பன் வெட்டட்டும், சாப்பிட்டுட்டுப் போகட்டும். நாங்க யாரும் வர மாட்டோம். ஆட்டம் பாட்டு வேணாம். சத்தம் போடாதீங்க. அது ஒண்ணுதான் கேக்கறேன்."

"சத்தம் இல்லாம நான் பாத்துக்கறேன் ஆன்டி" என்றாள் ஷாமினி. அவள் அதை மனதறிந்துதான் சொன்னாள். பார்த்துக்கொள்ளும் இடத்தில் அவள் இல்லை என்பதை இரண்டு பேருமே அப்போது யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் கூடாரம் போட்டார்கள். கம்பத்து வீடுகளில் கதவுகள் சாத்தியிருந்தன. கிள்ளானிலிருந்து வந்திருந்த தாமரை அம்மாவுக்கு மைலோ கலந்துகொண்டிருந்தபோது, ஒரு பெரிய பேருந்து சாலையில் ஏறி வரும் ஓசை கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இறங்கியவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். தலையில் இலைக் கிரீடம், இடுப்பில் ஓலைப் பாவாடை, கன்னத்தில் வெள்ளைக் கோடுகள். ஊர் ஆடாவிட்டால் ஆட வேறு ஆள் இல்லையா என்று மேலிடத்தில் யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கர் உறுமத் தொடங்கியது. பதிவுசெய்த மூங்கில் தாளமும், அதன் மேல் ஏற்றிவைத்த சினிமாத்தனமான மத்தளமுமாக அது மலைச்சரிவு வரை போய் மோதித் திரும்பியது. பாத்தின் தம் வீட்டுப் படியில் வந்து நின்று காதைப் பொத்திக்கொண்டதைத் தாமரை பார்த்தாள். திரும்பினால் அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கம்மா போற?"

"இரு. வரேன்."

கட்டியிருந்த பழைய கைலியோடும் மேலே போட்ட துண்டோடும் அமுதவள்ளி ஓடைப் பாலத்தைத் தாண்டிப் போனாள். கூடார வாசலில் நின்ற பாதுகாவலர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "கேட்டரிங்தானே, மாக்சிக்? பின்பக்கமாகப் போங்கள்" என்றார் மலாயில். அவள் மறுக்கவில்லை. பின்பக்கமாகவே போனாள்.

மேடைக்குப் பின்னால் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் ஒரு தமிழர். தம்புசாமி, ரவாங்கில் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பவர். நாற்பது வயது மதிக்கலாம். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"தம்பி, இத நிறுத்தணும்."

"யாரு ஆன்டி நீங்க?"

"இந்த ஊருதான். ஊர்ல சாவு. சத்தம் போட மாட்டோம்னு சொல்லியிருந்தாங்க."

"அப்படியா? எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலயே." அவர் தயங்கினார். "நான் கூலிக்கு வந்தவன் ஆன்டி. நானா நிறுத்தினா நாளைக்கு எனக்கு வேலை குடுக்க மாட்டாங்க. செத்தது யாரு?"

"என் வீட்டுக்காரரு. திங்கக்கிழமை."

தம்புசாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். கையை மேசைக்கு அடியில் விட்டு ஒரு ஒயரைப் பிடுங்கினார். மலை முழுக்கச் சட்டென்று அமைதியானது.

"ஜெனரேட்டர் மக்கர் பண்ணுதுனு சொல்லிக்கறேன். நீங்க போங்க ஆன்டி."

மேடையில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒரு நொடி திகைத்து நின்றார்கள். பிறகு, நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லாததால், வாய்க்குள் 'சத்து, டுவா, தீகா' என்று எண்ணிக்கொண்டே ஆடினார்கள். பலகை மேல் வெறுங்கால்கள் பதியும் ஓசை மட்டும் கேட்டது. ஷாமினி கையில் வாக்கிடாக்கியோடு ஓடிவந்தாள். தம்புசாமியையும், அவர் பக்கத்தில் நின்ற அமுதவள்ளியையும், மேசைக்கு அடியில் தொங்கிய ஒயரையும் பார்த்தாள். வாக்கிடாக்கியில் யாரோ அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் அதை வாயருகே கொண்டுபோய், "மின்சாரக் கோளாறு. சரிசெய்ய நேரமாகும்" என்று மலாயில் சொன்னாள். ஒயரை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஒய்.பி. மைக் இல்லாமல் பேசினார். முன்வரிசைக்கு அப்பால் யாருக்கும் காதில் விழவில்லை. பூர்வகுடி மக்கள் முன்னேற வேண்டும் என்றாராம். அமுதவள்ளி திரும்பி வரும் வழியில், அவளும் வேலையாள்தான் என்று நினைத்து, சமையல் கூடாரத்து ஆள் ஒரு சோற்றுப் பொட்டலத்தைக் கையில் திணித்தார். வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்குத் தெம்பில்லை. வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் வைத்தாள். தாமரை கேட்டதற்கு, "நிறுத்திட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தாள். செனின் போன பிறகு அன்றுதான் அவளுக்குக் கண்ணை மூடித் தூக்கம் வந்தது.

அந்த வருஷக் கடைசியில் ஷாமினியின் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. அதற்கும் அந்தச் சனிக்கிழமைக்கும் சம்பந்தம் உண்டா என்று யாருக்கும் தெரியாது. சொல்லிக்கொண்டு போக ஒருநாள் வந்தாள். அமுதவள்ளி மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்தாள். இருவரும் திறப்பு விழாவைப் பற்றிப் பேசவில்லை.

தண்ணீர்த் தொட்டி வந்தது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குழாய் போட மேலும் பல மாதம் இழுத்தார்கள், ஆனால் போட்டார்கள். இப்போது மழைக்காலத்திலும் தெளிந்த தண்ணீர் வருகிறது. பலகைப் பாதைதான் முதல் பெருமழையிலேயே பாதி போய்விட்டது. பழுதுபார்ப்பது எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை என்றார் பாதை போட்ட குத்தகையாளர். எங்கள் பொறுப்பிலும் இல்லை என்றது அலுவலகம். அருவிக்குப் போக முடியாது என்று தெரிந்ததும் வருகிறவர்கள் குறைந்தார்கள். ஆறு குடில்களில் இரண்டில் கரையான் ஏறியது.

ஷாமினிக்குப் பதில் வந்தவர் குரு. வயதில் சின்னவர், மரியாதையானவர். பாத்தினையும் அமுதவள்ளியையும் தலைநகரில், பங்சாரில் இருந்த அலுவலகத்துக்கு வரச் சொன்னார். இருவரும் காஜாங் போய் ரயிலேறிப் போனார்கள். குளிரூட்டிய அறையில் வெகுநேரம் காத்திருந்த பின், சமையல் குத்தகை இனி பூர்வகுடி ஒருவர் பெயரில்தான் இருக்க முடியும் என்று குரு சொன்னார். செனின் இருந்தவரை அவன் பெயரில் இருந்தது. இப்போது அவன் இல்லை.

"முப்பது வருஷமாக எங்கள் ஆள் இவள். எங்கள் மொழிதான் பேசுகிறாள், எங்கள் சாவுக்கு அழுகிறாள். இன்னும் என்ன வேண்டும்?" என்றார் பாத்தின் மலாயில்.

"எனக்குப் புரியுது. ஆனா சிஸ்டம்ல அதுக்கு இடம் இல்லயே ஆன்டி" என்று குரு அவள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "உங்க மக பேர்ல போட்டுக்கலாம். அவங்க அப்பா பூர்வகுடி, பிரச்சனை இல்ல. நீங்க வழக்கம்போல சமைங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

"சரி" என்றாள் அமுதவள்ளி. பாத்தின்தான் படியிறங்கும் வரை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம்தான். அங்கே அவள் தங்கை சீதாலெட்சுமி பூக்கடை வைத்திருந்தாள். பார்த்துவிட்டுப் போகலாம் என்று போனவளைத் தங்கை விடவில்லை.

"யாரு இருக்கா அக்கா அங்க உனக்கு? மாமாவும் போய்ட்டாரு. உன்ன ஒரு பேப்பர்லகூட அவங்களால சேத்துக்க முடியல. இங்க இரு. ரெண்டு பேரும் பூ கட்டுவோம்."

பாத்தின் தனியாக ரயிலேறினார். அமுதவள்ளி தங்கி, மல்லிகை கட்டினாள், சாமந்தி கோத்தாள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போனாள். தமிழ் மட்டுமே பேசி ஒருநாள் முழுவதும் கழிந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. யாருக்கும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்கள், "எந்த ஊர்க்கா நீங்க, பேச்சு ஒரு மாதிரி இருக்கே" என்று கேட்டார்கள். அந்த ஊரில் அவள் தமிழச்சி. இந்தத் தெருவில் வேறு ஏதோ. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிரித்துவிட்டு முடிச்சுப் போடுவாள்.

டுரியான் காலம் தொடங்கியதும் பாத்தினின் மனைவி போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை, வா என்றும் சொல்லவில்லை. "செனினுடைய மரங்களில் பழம் விழ ஆரம்பித்துவிட்டது. பன்றி தின்கிறது. யார் பொறுக்குவது?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலை அமுதவள்ளி பையைக் கட்டினாள்.

"பழத்துக்காகவா போற?" என்றாள் சீதாலெட்சுமி.

"பின்ன? அது எனக்காக மரத்துலயே காத்துக்கிட்டு இருக்குமா?"

பருவம் முடிந்த பிறகும் அவள் தங்கை வீட்டுக்குத் திரும்பவில்லை. தாமரை பெயரில் குத்தகை இருந்தது. எப்போதாவது வரும் குழுக்களுக்கு அமுதவள்ளி சமைத்தாள். படம் எடுக்கும்போது தானாகவே விலகிக்கொண்டாள்.

அதற்கடுத்த வருஷம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் குரு போன் செய்தார். அப்போது பாத்தினின் பேரக் குழந்தைக்குக் கடும் காய்ச்சல். மருத்துவமனையிலிருந்து மருந்தோடு திரும்பியிருந்தார்கள். குழந்தைக்காகச் சனிக்கிழமை இரவு, நோய் தீர ஆடிப்பாடும் செவாங் சடங்கு செய்வதாக இருந்தது; அது முடிந்து மூன்று நாள் ஆகும்வரை வெளியாட்கள் ஊருக்குள் வரக் கூடாது என்று பாத்தின் சொல்லியிருந்தார்.

"ஆன்டி, சனிக்கிழமை ஒரு வேன் வருது. வெளிநாட்டுக்காரங்க. செவாங் இருக்காமே, அதையே பாக்கட்டுமே? உண்மையானதுன்னா அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வலித்தது. பாத்தினிடம் போய்க் கேட்டு, அவர் சொல்வதைக் கேட்டு, திரும்ப வந்து இவருக்குச் சொல்லி, அதற்கு இவர் சொல்வதை மறுபடி அவரிடம் கொண்டுபோய்... நினைக்கும்போதே அலுத்தது.

"வர வேணாம் லா, சார்" என்றாள்.

"இல்ல ஆன்டி, அது அரசாங்க இடம். புக்கிங் எடுத்தாச்சு. பாத்தின்கிட்ட ஒரு வார்த்தை..."

"பிள்ளைக்கு உடம்பு சரியில்ல. ஊரைச் சாத்தியிருக்கோம். பாத்தினும் இதைத்தான் சொல்லுவாரு. நான் கேட்டு வரதுக்குள்ள உங்களுக்கு நேரமாயிடும். வேன அருவி இருக்கற வேற எடத்துக்கு விடுங்க."

மறுமுனையில் குரு தாளைப் புரட்டும் ஓசை கேட்டது. "சரி ஆன்டி. நான் சொல்லிக்கறேன்" என்றார்.

சனிக்கிழமை வேன் வரவில்லை. தண்டனை என்று எதுவும் வரவுமில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியது, மருந்தாலோ செவாங்காலோ. அடுத்த மாதம் குரு போன் செய்தபோது, "எந்தெந்த நாள் வரலாம்னு நீங்களே சொல்லிடுங்க ஆன்டி, அப்புறம் புக்கிங் எடுக்கறோம்" என்றார். அப்படித்தான் நடக்க வேண்டும் என்று ஊர் எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறது. அன்று யாரும் கூட்டம் போடாமலேயே அது கிடைத்தது. பலகைப் பாதையைப் பற்றி அவள் கேட்டாள், பார்க்கிறேன் என்றார்.

அமுதவள்ளி அதைப் பாத்தினிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையாட்டினார். அவர் மனைவி ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு, பாயை விரித்துப் படுத்தாள். அடுப்பில் வைக்க வேண்டியது இன்னும் இருந்தது. இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.